உப்பிட்ட ஒயினும் ஒளித்துவைத்த ஒயினும்

பழைய ஒயின் என்றாலே உயர்ந்த ஒயின் என்றொரு நினைப்பு நம்மிடம் உண்டு. அதைச் சோதிக்க, இரண்டு சரக்கறைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். ஒன்று, புதுச்சேரிக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு. மற்றது, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை ஒட்டிய மகில். முன்னதில் மது போய் ஜாடி மிஞ்சியது. பின்னதில் மறைத்து வைக்கப்பட்டதே மதுதான்.

அரிக்கமேட்டுச் சரக்கு, அதைத் தோண்டியவர் கண்ணில் முதலில் பட்டது மண்ணுக்கடியில்கூட அல்ல, ஓர் அலமாரியில். 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்து அலமாரிக்குள் கைவிட்டு எடுத்தது ஓர் ஆம்போராவின் கழுத்தும் கைப்பிடியும். மத்தியதரைக்கடல் நாடுகளின் ஒயின் ஜாடி இங்கே எப்படி? புதுச்சேரியிலிருந்து வந்தது என்றார்கள். அப்போது அது பிரெஞ்சு மண். அங்கே பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் போன்றவர்கள் அந்த மேட்டின் அருமையை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். 1945இல் வீலர் தோண்டினார். பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. பெக்லியின் அகழாய்வில் ஜாடிச் சில்லுகளைப் பிரித்துப் படித்த எலிசபெத் வில், அவற்றில் மிகுதியானவை கிரேக்கத்தின் கோஸ் தீவு வகை என்று கண்டார். கோஸ் ஜாடியைக் கைப்பிடியை வைத்தே சொல்லிவிடலாம். ஒற்றை உருளையாக இருக்காது. இரண்டு களிமண் திரிகளைப் பக்கம்பக்கமாக ஒட்டி, நடுவில் பள்ளம் தெரியச் செய்திருப்பார்கள். இத்தாலியில் அதைப் பார்த்துப் போலியாகவும் செய்தார்கள். நல்ல சரக்குக்குப் போலி வருவது அன்றும் வழக்கம்தான்.

அந்த ஜாடிக்குள் வந்தது கடல்நீர் கலந்த ஒயின். ரோமானியரான கேட்டோ செய்முறையே எழுதி வைத்திருக்கிறார்: அறுவடைக்கு எழுபது நாள் முன்பு, காற்றில்லாத நாளில், ஆற்றுநீர் எட்டாத ஆழ்கடலிலிருந்து நீர் மொண்டு வைக்க வேண்டும். இன்னொரு ரோமானியரான பிளினி சொல்வது இன்னும் சுவாரசியம். திருடிக் குடித்த ஓர் அடிமை, அளவு குறையாமல் இருக்கக் கடல்நீரை ஊற்றப்போய், அதுவே ஊர் வழக்கம் ஆயிற்றாம். கதை உண்மையோ இல்லையோ, வேலை செய்த பொருள் உப்பு. ஜாடியின் உட்புறத்தில் பிசின் பூச்சும் உண்டு. உப்பும் பிசினும் சேர்ந்து, செங்கடலைத் தாண்டி, பருவக்காற்றில் வாரக்கணக்காக வெயிலில் வரும் மதுவைப் புளிக்காமல் காத்தன. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் கணக்குதான் இது.

மகில் கதை நேரெதிர். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மாக்ஸ் ஷூபர்ட், 1950இல் ஷெர்ரி முறையைக் கற்க ஸ்பெயினுக்குப் போனவர், அப்படியே பிரான்ஸின் போர்தோவுக்கும் போனார். நாற்பது ஐம்பது ஆண்டு கிடந்தும் தளராத சிவப்பு ஒயின்களை அங்கே சுவைத்தார். ஊர் திரும்பி, 1951இல் ஷிராஸ் திராட்சையில் கிரேஞ்ச் என்ற ஒயினைச் சோதனையாகச் செய்தார். இளமையில் அது கரடுமுரடு. சுவைத்தவர்களில் ஒருவர், நசுக்கிய எறும்பின் வாடை என்றாராம். 1957இல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. ஷூபர்ட் நிறுத்தவில்லை. அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும் மகில் நிலவறையில் ரகசியமாகச் செய்து மறைத்து வைத்தார். புதுப் பீப்பாய் வாங்கப் பணம் கேட்க வழியில்லாததால் அந்த மூன்று ஆண்டுச் சரக்கில் புது ஓக் மரத்தின் வாசம் குறைவு. 1960இல் பழைய புட்டிகளைத் திறந்து பார்த்த அதே நிர்வாகம், மறுபடி செய்யுங்கள் என்றது. ஒயின் மாறியிருந்தது, அதற்கு வேண்டியிருந்தது காலம் மட்டுமே.

அந்தக் காலம் புட்டிக்குள் என்ன செய்கிறது? திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் உள்ள டானின்தான் நாக்கை வறட்டும் துவர்ப்பு. ஆண்டுகள் போகப் போக அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனத்து, நிறப்பொருளையும் இழுத்துக்கொண்டு வண்டலாக அடியில் படிகின்றன. ஊதா, செங்கல் நிறமாகிறது. பழ வாசம் பின்வாங்க, பதனிட்ட தோல், புகையிலை, உலர்ந்த அத்தி ஆகியவற்றின் வாசம் முன்னுக்கு வருகிறது. நெடுங்காலம் கிடந்த புட்டியைத் திறக்கும்போது கார்க் பாதியில் பிய்ந்து வரலாம். ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, வண்டல் அசையாமல் வேறு கலத்தில் வடிக்க வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு நிபந்தனை: 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் குளிர், ஏறாமல் இறங்காமல். இங்கேதான் புதுச்சேரி குறுக்கே வருகிறது. மே மாத வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஒயின் ஷாப் அலமாரியில் டியூப் லைட்டின் கீழ் நிமிர்ந்து நிற்கும் புட்டி முதிர்வதில்லை, வேகிறது. இன்று வரும் ஆஸ்திரேலியப் புட்டிகளில் பலவற்றுக்குத் திருகுமூடி. கார்க் உலரும் பயம் இல்லை. ஆனால் மூடி வெப்பத்தைத் தடுக்குமா? 2022 டிசம்பர் 29 முதல் நடப்பில் உள்ள இந்திய ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தால் 15 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட புட்டிகளுக்கான சுங்கவரி 150 சதவீதத்திலிருந்து உடனே 75 ஆயிற்று, பத்தாண்டில் 25 ஆகும். விலை இறங்கலாம், மே மாதம் இறங்காது. பிள்ளையின் கல்யாணத்துக்கு என்று பீரோவில் பூட்டி வைப்பவர்களுக்கு நான் சொல்வது, இந்த வருஷமே குடித்துவிடுங்கள்.

இந்த மண்ணுக்கும் முதிர்வித்தல் புதிதல்ல. புறநானூற்றில் ஔவையார், நாள்பட்ட தேறலின் கடுமைக்குத் தேளின் கடுப்பை உவமையாகச் சொல்கிறார். கள்ளை மண்ணில் புதைத்தும் மூங்கில் குழாயில் அடைத்தும் முதிர்வித்த செய்திகள் சங்கப் பாடல்களில் உண்டு. ஆனால் யவனர் ஜாடியிலிருந்து பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் பாடும்போது, அந்த மதுவின் குளிர்ந்த நறுமணத்தைத்தான் சொல்கிறார், வயதை அல்ல. வந்ததும் ஊற்றிக் குடித்திருக்கிறார்கள். சரியான தீர்ப்பு என்பேன். கோஸ் ஒயின் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, வந்து சேர்வதற்காகச் செய்யப்பட்டது.

அந்தச் சுவையை ஓரளவு ஊகிக்கவும் வழியுண்டு. தென் பிரான்ஸின் மா தெ தூரெல் பண்ணையில் ரோமானியக் குறிப்புகளை வைத்துக் கடல்நீரும் வெந்தயமும் சேர்த்து ஒயின் செய்கிறார்கள். உப்புக் கரிக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு, ஷெர்ரிக்கு நெருக்கமான வறண்ட வால்நட் மணம்தான் கிடைக்கிறதாம். மீன்குழம்புச் சோற்றுக்கு அதுதான் ஒத்துவரும் என்பது என் அனுமானம். முதிர்ந்த ஷிராஸ் ஆட்டுக்கறிக்கு, அதுவும் ஏசி அறையில்.

ஒரு முனையில் மட்டும் இரண்டும் நெருங்கிவிட்டன. பென்ஃபோல்ட்ஸ் 1991 முதல் பழைய புட்டிகளைத் திறந்து, சுவைத்து, குறைந்ததை நிரப்பி, புதுக் கார்க் போட்டுத் தரும் முகாம்களை நடத்துகிறது. அதாவது குடிப்பதற்கான பராமரிப்பு. ஆனால் 1951 கிரேஞ்ச் புட்டி ஒன்று ஏலத்தில் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி விற்றிருக்கிறது. உள்ளே இருக்கும் ஒயினின் நல்ல காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்பது வாங்குபவருக்கும் தெரியும். அவர் வாங்குவது லேபிளையும் கண்ணாடியையும்; எலிசபெத் வில் படித்ததும் கைப்பிடியைத்தான், ஒரு துளி மது இல்லாமல்.