அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகள்

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள பழந்துறை அரிக்கமேடு. பள்ளிப் பாடநூல்களில் இவ்வூர் பெரும்பாலும் உரோமானியருடன் வணிகம் நடந்த இடமாகவே அறிமுகமாகிறது. மது கொண்டுவந்த இருபிடிச் சாடிகள், இத்தாலியச் சிவப்பு மட்கலங்கள் ஆகியவற்றை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அவை அனைத்தும் வெளியிலிருந்து வந்த பொருள்கள். அரிக்கமேடு தானே செய்து வெளியே அனுப்பிய பொருள் ஒன்று உண்டு. கடுகிலும் சற்றுப் பெரிய, நூலில் கோத்து அணியும் கண்ணாடி மணிதான் அது. உரோமானியச் சாடி எட்டாத தொலைவுகளுக்கெல்லாம் இவ்வகை மணி சென்றிருக்கிறது.

இவ்விடத்தின் மீது அறிஞர்களின் கவனம் திரும்பியதற்கும் மணிகளே ஒரு காரணம். 1930களில் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், ஊர்ச் சிறுவர்கள் மேட்டில் பொறுக்கிய மணிகளையும் பிற பொருள்களையும் விலைகொடுத்து வாங்கினார். 1937இல் மனிதத் தலை செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. அதை அவர் உரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவம் எனக் கருதினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். மறு ஆண்டே வெளியான அவருடைய அறிக்கை அரிக்கமேட்டை ‘இந்திய உரோமானிய வணிகத்தலம்’ என்று பெயரிட்டது. உரோமானிய மட்கலங்களின் காலம் தெரிந்திருந்ததால், அவற்றோடு கிடைத்த உள்ளூர்ப் பொருள்களின் காலத்தையும் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தப் பெயர் அரிக்கமேட்டின் மீது ஒட்டிக்கொண்டதால், அங்கே உலை மூட்டி மணி செய்தவர்கள் பின்னால் தள்ளப்பட்டார்கள். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய அகழாய்வு, உரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தார்கள் என்றும், அவ்வணிகம் தளர்ந்த பின்னரும் ஊர் ஒழிந்துவிடவில்லை என்றும் காட்டியது.

இம்மணிகளின் சிறப்பு அவற்றின் துளையில் இருக்கிறது. அகேட், சூதுபவளம் போன்ற கல்மணிகளும் அரிக்கமேட்டில் செய்யப்பட்டன. கல்மணியை ஒவ்வொன்றாகத் தேய்த்து, மெருகேற்றி, துளையிட வேண்டும். கண்ணாடியைக் கம்பியில் சுற்றிச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மணிதான் கிடைக்கும். அரிக்கமேட்டார் கையாண்ட முறை வேறு. முதலில் துளையுள்ள நீண்ட கண்ணாடிக் குழாயை இழுத்துவிட்டு, பிறகு அதைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். இப்படிச் செய்தால் எந்த மணிக்கும் தனியாகத் துளையிட வேண்டியதில்லை.

குழாய் இழுக்கும் வேலையை ஆந்திரத்தின் பாபநாயுடுபேட்டையில் ஆய்வாளர்கள் நேரிலேயே கண்டு பதிவு செய்துள்ளனர். திருப்பதிப் பகுதியைச் சேர்ந்த அவ்வூரில் இத்தொழில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் நடந்துகொண்டிருந்தது. ‘லாடா’ எனப்படும் நீண்ட இரும்புக் குழலின் நுனியில், உருகிய கண்ணாடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பெரிய கூம்பாக உருட்டுவார்கள். குழலுக்குள் ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பின் நடுவே துளை உண்டாக்குவார்கள். பிறகு கூம்பை உலைக்குள் வைத்ததும், எதிர்ப்புறம் இருப்பவர் அதன் முனையைக் கொக்கியால் பற்றி வெளியே இழுப்பார். அதற்குமேல் வேலை முழுவதும் கையில்தான். ஒரு கை மாற்றி மறு கையாக அவர் சீராக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் கூடினால் குழாய் மெலியும், குறைந்தால் தடிக்கும். அளவுகோல் எதுவும் கிடையாது, விரல்களின் பழக்கம் ஒன்றே அளவு. உலைச் சூட்டின் எதிரே மணிக்கணக்கில் நடக்கும் இந்த வேலையை ‘எளிய தொழில்நுட்பம்’ என்று எழுதிவிடுவது பொருந்தாது.

குழாய்களை நறுக்கியதும் கிடைக்கும் துண்டுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அப்படியே கோத்தால் நூலை அறுத்துவிடும். ஆகவே அவற்றைச் சாம்பலோடு கலந்து, கலத்திலிட்டுச் சூடாக்கிக் கிளறுவார்கள். விளிம்பு உருகி மழுங்கும். துளைக்குள் புகுந்த சாம்பல் துளை மூடிக்கொள்ளாமலும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கும். பிறகு சலித்து, தரம் பிரித்து, சரமாகக் கோப்பார்கள்.

வெனிசு நகரத்தாரும் பிற்காலத்தில் குழாய் இழுத்தே சிறுமணிகள் செய்தனர். ஆனால் அங்கே ஒரே கண்ணாடித் திரளின் இரு முனைகளிலும் இரும்புக் கோல்களைப் பொருத்தி, இரண்டு ஆட்கள் எதிரெதிர்த் திசையில் ஓடுவார்கள். இடையே குழாய் நீளும். இந்திய முறையில் கண்ணாடி உலைக்குள்ளேயே இருக்க, ஒருவர் நின்ற இடத்திலிருந்து இழுக்கிறார்.

அரிக்கமேட்டு வகை மணிகளில் பெரும்பாலானவை 6 மில்லிமீட்டருக்கும் சிறியவை. ஒளி ஊடுருவாத செங்கல் சிவப்பு இவற்றுள் புகழ்பெற்ற நிறம். அது செம்பினால் வருவது. உலையில் காற்றோட்டத்தைக் குறைத்தால்தான் செம்பு அச்சிவப்பைத் தரும். காற்று மிகுந்தால் அதே செம்பு பச்சையாகவோ வெளிர்நீலமாகவோ மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு சிவப்பு மணியும் நெருப்பைக் கட்டியாளத் தெரிந்த ஒருவருக்குச் சாட்சி.

இம்மணிகளுக்கு ‘இந்திய பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். இலங்கையின் மாதோட்டம், தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ ஆகிய இடங்களிலும் இதே முறையில் மணி செய்த தடயங்கள் கிடைத்துள்ளன. அரிக்கமேட்டுத் தொழிலாளர்களே அங்கெல்லாம் சென்று பட்டறை அமைத்தார்கள் என்பது பிரான்சிஸின் கருத்து. பிற்கால வேதியியல் ஆய்வுகள் கண்ணாடியில் பல வகைகளைப் பிரித்துக் காட்டியதால், எல்லா மணிகளும் ஓரிடத்துச் சரக்கு என்று இனிச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுப் பெருமை பேசும் கட்டுரைகள் இதை விட்டுவிடுவது சரியன்று. மணி பயணம் செய்ததைப் போலவே தொழிலும் பயணம் செய்திருக்கிறது.

சென்ற இடங்களில் இவை மலிவுச் சரக்காக நின்றுவிடவில்லை. இந்தோனேசியத் தீவுகளில் ‘முத்திசாலா’ எனப்படும் சிவப்பு மணிச் சரங்கள் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு, திருமணப் பரிசமாகக் கைமாறின. தென்னாப்பிரிக்காவில் மாப்புங்குப்வே அருகேயுள்ள கே2 என்னும் தொல்லிடத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள், கடல்கடந்து வந்த சிறுமணிகளை உருக்கி, களிமண் அச்சில் வார்த்துத் தங்களுக்குப் பிடித்த பெரிய மணிகளைச் செய்துகொண்டார்கள்.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அழகாக முடிந்த மணி எங்கிருந்தும் வந்திருக்கலாம். அங்கேயே மணி செய்யப்பட்டது என்பதை உறுதியாகச் சொல்பவை, அகழாய்வில் கிடைத்த உடைந்த குழாய்த் துண்டுகளும் உருகிய கழிவுகளும்தான். மழைக்குப் பின் மேட்டில் மணி பொறுக்கியவர்கள் எடுக்காமல் விட்டுப்போனவையும் இவையே.