உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கு? கார் ஏசி, 120 மில்லி ஆயில், ஒரு மலை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு கார் ஏசியில் ஆரம்பித்து, தேனி மாவட்டத்தில் ஒரு மலையில் போய் முடியும். ரெண்டையும் சேர்ப்பது ஒரு கேஸ்.

போன ஏப்ரலில் அப்பா, அம்மாவோடு போடியிலிருந்து போடிமெட்டு ஏறிக்கொண்டிருந்தேன். 17 கொண்டை ஊசி வளைவு. பாதி கூட ஏறவில்லை, கடகடன்னு ஒரு சத்தம், ஏசி காலி. அந்தக் கம்ப்ரசர் ஆறு மாசம் முன்னாடிதான் சென்னையில் ஒரு ஒர்க் ஷாப்பில் புதுசா மாத்தினது. மாத்தின நாளிலிருந்தே கூலிங் சுமார்தான். "புதுசு சார், போகப் போக செட் ஆயிடும்"னாங்க. நானும் நம்பிட்டேன்.

வண்டியைத் திருப்பி போடிக்கே இறக்கினேன். அங்கே ஒரு ஏசி மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இது:

"தம்பி, போன தடவை பழைய கம்ப்ரசரைக் கழட்டினப்ப, உள்ள எத்தனை மில்லி ஆயில் இருந்துச்சுன்னு அளந்தாங்களா?"

"தெரியலண்ணே. பெட்டியைப் பிரிச்சு அப்படியே மாட்டினதைத்தான் பாத்தேன்."

"அதான்."

அந்த "அதான்"ல ஒரு முழு வரலாறு இருக்கு. சொல்றேன்.

இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கி நிற்க ஒரு தொட்டி உண்டு. கார் ஏசி கம்ப்ரசர்கள் பெரும்பாலானவற்றில் அப்படி இல்லை. ஆயில் கேஸோடு கலந்து ஊர் சுற்றும்: கம்ப்ரசர், கண்டென்சர், டிரையர், கூலிங் காயில், திரும்பவும் கம்ப்ரசர். என் காருக்கு மொத்தமே 120 மில்லி. ஒரு டீ கிளாஸ் அளவு. பழைய கம்ப்ரசரைக் கழற்றும்போது அதில் ஒரு பங்குதான் வெளியே வரும், மிச்சம் பைப்பிலும் காயிலிலும் ஒட்டியிருக்கும். புது கம்ப்ரசரோ பல நேரம் முழு சிஸ்டத்துக்கும் வேண்டிய ஆயிலோடு பெட்டியில் வருகிறது. அளக்காமல் மாட்டினால் பழசும் புதுசும் சேர்ந்துவிடும். ஆயில் கூடினால் காயிலின் உட்சுவரில் படலமாகப் படிந்து கூலிங்கைக் குறைக்கும். அதோடு, கம்ப்ரசர் கேஸை அமுக்கச் செய்த மெஷின். திரவம் அமுங்காது, வால்வுதான் உடையும். ஆயில் குறைந்தாலோ, சூடாகி ஜாம் ஆகும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி: உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கு? கார் ஏசியின் வரலாற்றில் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப மறந்திருக்கிறோம்.

1939-ல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம், 1940 மாடல் கார்களுக்கு ஃபேக்டரியிலேயே பொருத்திய ஏசியை அறிவித்தது. பாதிக் கருவி டிக்கியில். ஏசியை நிறுத்த வேண்டுமா? இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இதெல்லாம் சாத்தியமானதே அதற்குப் பத்து வருடம் முன் தாமஸ் மிட்ஜ்லி குழு உருவாக்கிய ஃப்ரியான் கேஸால்தான். அதற்கு முன் ஃபிரிட்ஜில் இருந்தவை அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு போன்றவை. கசிந்தால் ஆபத்து. 1930-ல் மிட்ஜ்லி மேடையில் ஃப்ரியானை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது. சாதாரண மினரல் ஆயிலோடு நன்றாகக் கலக்கும். வேறென்ன வேணும்?

கேட்காமல் விட்டது, கசிந்த பிறகு அது எங்கே போகிறது என்பதை. 1974-ல் மொலினா, ரோலண்ட் இருவரும் பதில் சொன்னார்கள்: மேலே போய் ஓசோனைத் தின்கிறது. 1985-ல் அன்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் ஓட்டை பற்றிய அறிக்கை வந்தது. 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம்.

நம்ம ஊர் டைமிங்கைப் பாருங்க. கார் ஏசி செய்யும் சுப்ரோஸ் நிறுவனம் இந்தியாவில் தொடங்கியது அதே 1985-ல்தான், ஜப்பானின் டென்சோ, சுசூகி கூட்டோடு. உலகம் அந்தக் கேஸை விட்டு இறங்கத் தயாரான நேரத்தில் நாம் ஏறினோம். 1992-ல் இந்தியாவும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

மாற்றாக வந்தது ஆர்-134ஏ. ஓசோனைத் தொடாது. ஆனால் மினரல் ஆயிலோடு கலக்காது. பழைய வண்டியில் கேஸை மட்டும் மாற்றினால், ஆயில் காயிலிலேயே தங்கிவிடும், கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் காயும். அதனால் பிஏஜி என்ற செயற்கை ஆயில் வந்தது. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டப்பாவைத் திறந்து வைத்தாலே கெட்டுப்போகும்.

இனி மலைக்கு வருவோம். போடிக்குப் பக்கத்தில் பொட்டிபுரம், அங்கே அம்பரப்பர் மலை. அதைக் குடைந்துதான் நியூட்ரினோ ஆய்வகம் கட்டத் திட்டமிட்டார்கள். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. திட்டப்படி 50,000 டன் இரும்பு அடுக்குகள், நடுவே சுமார் 28,800 கண்ணாடிப் பெட்டிகள். துகள் கடந்து போகும்போது, பெட்டிக்குள் இருக்கும் கேஸில் சின்ன மின் சமிக்ஞை வரும். அந்தக் கேஸில் ஏறத்தாழ 95 சதவீதம் எது தெரியுமா? ஆர்-134ஏ. அதே கார் ஏசி கேஸ்!

நியூட்ரினோ நம் உடம்பை இந்த நொடியும் ஊடுருவிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால் கேடு இல்லை. ஆனால் பொட்டிபுரம் மக்கள் பாறைக்கு வெடி வைப்பது, தண்ணீர், மேய்ச்சல் நிலம் பற்றிக் கேட்டது வேறு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் மதிகெட்டான் சோலை. இதுவும் மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்விதான்: உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கு? 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தது. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில், அனுமதிக்க முடியாது என்றது. இந்த மாதிரிக் கருவி 85 டன்னில் சின்னதாக மதுரையில் இயங்கியது. அறிவியல் பிடிக்கும் ஆள் நான், ஆய்வகம் வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனாலும் அந்தக் கேள்விகளை "பயம்"னு தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு விஷயம். ஆர்-134ஏ ஓசோனை விட்டாலும் பூமியைச் சூடாக்கும், கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,400 மடங்கு. அதனால்தான் 2016-ல் கிகாலி திருத்தம் வந்தது, இந்தியா 2021-ல் ஏற்றது. ஆய்வகத் திட்டத்தில் கேஸை வெளியே விடாமல் சுத்தம் செய்து சுழற்றும் வழி இருந்தது. என் காரில் 450 கிராம். கணக்குப் போட்டால் 630 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சென்னையில் அதைப் புஸ்ஸுன்னு காற்றில் திறந்துவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

போடி அண்ணன் மெஷின் வைத்து கேஸை சிலிண்டரில் இழுத்தார். கம்ப்ரசரைக் கழற்றி அளவு ஜாடியில் கவிழ்த்தார். அதிலிருந்து மட்டும் 110 மில்லி, உள்ளே மினுமினுன்னு உலோகத் தூள். "கண்டென்சரைக் கழுவ முடியாது தம்பி, சந்து ரொம்பச் சின்னது. மாத்தித்தான் ஆகணும்." கண்டென்சர், டிரையர், கம்ப்ரசர் மூணும் புதுசு. பைப்பையும் காயிலையும் கழுவி, நைட்ரஜன் விட்டு ஊதினார். செலவைக் கேட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

புது கம்ப்ரசரையும் ஜாடியில் கவிழ்த்து அளந்தார். 120. அதையே திரும்ப ஊற்றினார்.

"பெட்டியில வந்ததே போதும்னா எதுக்குண்ணே அளக்கணும்?"

"இப்ப பைப்பு காலி, அதனால 120 சரி. போன தடவை பைப்பு காலியா இல்லையே!"

புது சர்வருக்கு மாறும்போது பழைய டேட்டாவைப் பார்க்காமல் மேலேயே ஏற்றிய ஒரு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது. அதை இங்கே சொல்ல மாட்டேன்.

அரை மணி நேரம் வேக்கம் போட்டு, கேஸை எடை பார்த்து ஏற்றினார். மறுநாள் 17 வளைவும் ஏறினோம். அம்மா பின்சீட்டில் ஏசியைக் குறைக்கச் சொன்னாங்க, குளிருதாம்.

உங்க காருக்குக் கம்ப்ரசர் மாற்றினால் மூணே மூணு கேளுங்க: பழசில் எத்தனை மில்லி வந்தது? புதுசில் எத்தனை ஊற்றினீங்க, எந்த ஆயில்? பழைய கேஸை எங்கே விட்டீங்க? பதில் வரலைன்னா வண்டியை எடுத்துட்டு வேற இடம் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.