தூக்குக்குண்டின் சாய்வு

1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அதன் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போய், பூமியின் வளைவைக் கணக்கிடுவது நோக்கம். கோணங்களை அளக்கும் தியோடலைட் கருவி மட்டும் அரை டன். 1808இல் தஞ்சாவூரில் கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது அது மோதி நசுங்கியது. லாம்டனே உட்கார்ந்து அதைச் சீர்செய்தார்.

1823இல் அவர் இறந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் முக்கோணங்களை இமயத்தின் அடிவாரம்வரை கொண்டுசென்றார். அங்கேதான் சிக்கல் எழுந்தது. மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் வடக்கேயுள்ள கல்யாணாவுக்கும் இடைப்பட்ட அட்சரேகை வேறுபாட்டை முக்கோண அளவை ஒன்றாகவும், விண்மீன்களைப் பார்த்துக் கணித்த முறை வேறாகவும் காட்டின. வித்தியாசம் 5.236 விகலை, தரையில் ஏறத்தாழ 160 மீட்டர். எவரெஸ்ட் அதை அளவைப் பிழையாகவே கருதினார்.

கொல்கத்தாவில் தலைமைக் குருவாக இருந்த ஜான் ஹென்றி பிராட் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். விண்மீன் கணிப்புக்குச் செங்குத்துத் திசை வேண்டும். அதைத் தருவது தூக்குக்குண்டு. இமயத்தின் ஈர்ப்பு அந்தக் குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். மலைத்தொடரின் எடையை மதிப்பிட்டுக் கணக்குப் போட்டபோது விடை 15.885 விகலை வந்தது, கண்டதைப்போல மூன்று மடங்கு! பிழை ஏன் வந்தது என்ற கேள்வி, அது ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று மாறியது. இந்த வரலாற்றில் உண்மையான திருப்பம் இதுதான்.

1855இல் பிராட்டின் கட்டுரை வெளியான கையோடு, பிரிட்டனின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளில் மேலே அதிகம் தெரிவதே கீழேயும் ஆழமாக அமிழ்ந்திருக்கும். மலைகளும் அடர்த்தி மிகுந்த அடிப்பொருளுக்குள் அப்படி வேர் விட்டு நிற்கின்றன என்றார். வேரின் அடர்த்தி சுற்றிலும் இருப்பதைவிடக் குறைவு என்பதால் மலையின் ஈர்ப்பில் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது. பிராட் இதை ஏற்கவில்லை. அடிமட்டம் எங்கும் ஒரே ஆழம், மலைக்குக் கீழுள்ள பாறைதான் அடர்த்தி குறைந்தது என்று 1859இல் எழுதினார். இந்தச் சமநிலைக்கு ஐசோஸ்டசி என்று பெயரிட்டவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் டட்டன், 1882இல்.

வழக்கைத் தீர்க்க நிலநடுக்க அலைகள் வரவேண்டியிருந்தது. அவை காட்டியபடி, கண்டங்களின் மேலோடு பொதுவாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன். திபெத்துக்கு அடியில் அது 70 கிலோமீட்டர்வரை போகிறது. மலைகளைப் பொறுத்தவரை ஏரி சொன்னதே பெரிதும் சரி. ஆனால் கடலடி மலைத்தொடர்களுக்கு அடியில் சூடேறி அடர்த்தி குறைந்த பாறை இருப்பதால், அங்கே பிராட்டின் கருத்துப் பொருந்துகிறது. இதே சமநிலையை நோக்கி, பனிப்பாளங்கள் உருகிச் சுமை நீங்கிய ஸ்காண்டிநேவியாவில் நிலம் இன்றும் உயர்ந்துகொண்டிருக்கிறது. போத்னியா வளைகுடாவின் வடபகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்.