மார்பகப் புற்றுநோய்க்குப் பின் மேற்பார்வை உடற்பயிற்சி

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவை முடிந்த பிறகு, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ உடற்பயிற்சி வல்லுநரோ உடனிருந்து, அந்தப் பெண்ணின் உடல்நிலையைப் பார்த்து அளவிட்டு, படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் பயிற்சி மேற்பார்வை உடற்பயிற்சி எனப்படும். தோளை அசைத்து விடுவிக்கும் பயிற்சி, நடை அல்லது சைக்கிள் மிதித்தல், பளு தூக்குதல் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். சிகிச்சை முடிந்தவர் ஓய்வெடுக்க வேண்டும், கையில் கனம் தூக்கக் கூடாது என்பதே நெடுங்காலம் மருத்துவ அறிவுரையாக இருந்தது. அந்த அறிவுரை எந்தச் சோதனையிலும் தேறி வந்ததன்று. 1980களில் தொடங்கிய ஆய்வுகள் அதை ஒவ்வொன்றாகத் தகர்த்தன. உடற்பயிற்சியை மட்டும் தனியே எடுத்து இந்த மாற்றத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. அச்சத்துக்குரியதாக இருந்த ஒன்றைச் சிகிச்சையாக மாற்றியதில் மேற்பார்வைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையே இதன் வரலாறு காட்டுகிறது.

தடை பிறந்த விதம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் தம் அறுவை முறையின் முடிவுகளை 1894இல் விரிவாக வெளியிட்டார். மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க்கணுக்களையும் சேர்த்து அகற்றுவது அம்முறை. அடுத்த முக்கால் நூற்றாண்டு உலகெங்கும் அதுவே வழக்கமாக இருந்தது. உயிர் பிழைத்தவர்களில் பலருக்குத் தோள் இறுகியது, கை வீங்கியது. அந்த வீக்கத்தைப் பற்றி ஹால்ஸ்டெட்டே 1921இல் தனிக் கட்டுரை எழுதி, அறுவையால் வந்த யானைக்கால் நோய் என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டார். இன்று அது நிணநீர் வீக்கம் எனப்படுகிறது. இரத்தத்துக்கு இதயம் இருப்பது போல நிணநீருக்குத் தனி இயந்திரம் கிடையாது. நிணநீர்க் குழாய்களின் சுவர் சுருங்குவதாலும், சுற்றியுள்ள தசைகள் அழுத்துவதாலும் அது மேலேறுகிறது. வழியிலுள்ள கணுக்களை வெட்டியெடுத்தாலோ, கதிர்வீச்சால் அவை தழும்பேறினாலோ நீர் தேங்கிவிடுகிறது.

உழைக்கும் கைக்கு இரத்தம் கூடுதலாகப் பாயும், அதனால் நிணநீரும் கூடுதலாக ஊறும், எஞ்சிய குழாய்களால் அதைச் சுமக்க இயலாது, ஆகவே வீங்கும் என்று மருத்துவர்கள் கருதினர். கேட்பதற்குச் சரியாகவே தோன்றும் வாதம் இது. ஆனால் தசை சுருங்கினால்தான் நிணநீர் நகரும் என்ற அதே உண்மையிலிருந்து, உழைக்காத கைதான் வீங்கும் என்றும் வாதிடலாம். இரண்டில் எது சரி என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு அந்தச் சோதனையை யாரும் நடத்தவில்லை. தடைக்கு ஒரு விலையும் இருந்தது. பயன்படுத்தாத கை வலுவிழக்கிறது. வலுவிழந்த கைக்குத் தண்ணீர்க் குடமும், இடுப்பில் ஏறும் குழந்தையும், மளிகைப் பையும் அளவுக்கு மீறிய சுமைகளாகிவிடுகின்றன. இவற்றையெல்லாம் தூக்காமல் எந்தப் பெண்ணாலும் ஆண்டுக்கணக்கில் வாழ முடியாது. காப்பதற்காகச் சொன்ன அறிவுரையே கையை ஆபத்துக்கு அருகில் கொண்டுபோனது.

முதல் மாற்றுக் குரல் மருத்துவரிடமிருந்து வரவில்லை. தாமே மார்பகம் அகற்றப்பட்ட டெரீஸ் லாசர் 1952இல் நியூயார்க்கில் ‘ரீச் டு ரெக்கவரி’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அறுவை முடிந்த பெண்களைப் படுக்கையருகே சென்று சந்தித்து, கயிற்றையும் பந்தையும் கொண்டு தோளையும் கையையும் அசைக்கக் கற்றுக்கொடுத்தார். 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் அந்த இயக்கத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆனால் அசைவுக்குக் கிடைத்த அனுமதி வலுவூட்டலுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் 1971இல் தொடங்கிய ஆய்வுகள் ஹால்ஸ்டெட் முறை அத்தனை பெண்களுக்கும் தேவையில்லை என்று நிறுவின. 1990களில், புற்று முதலில் சென்று சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறையும் வந்தது. அறுவை சுருங்கியது, கனம் தூக்காதே என்ற கட்டளை மட்டும் சுருங்கவில்லை.

சோதனைக்கு வந்த கேள்வி

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் செவிலியத் துறையைச் சேர்ந்த மேரி மெக்விகர், மேரில் வின்னிங்ஹாம் ஆகிய இருவரும் 1980களில் கீமோதெரபி பெற்றுவந்த பெண்களை நிலைச் சைக்கிளில் ஏற்றினர். நாடித்துடிப்பைக் கவனித்துக்கொண்டே, வேகமும் தளர்வும் மாறிமாறி வரும்படி பயிற்சி கொடுத்தனர். பயிற்சி பெற்றவர்களின் உடல்திறன் உயர்ந்ததை 1989இல் வெளியிட்டனர். சோர்வுக்கு ஓய்வே மருந்து என்ற எண்ணத்தில் விழுந்த முதல் விரிசல் அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கெரி கோர்னியா 2003இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடித்த 53 பெண்கள் கலந்துகொண்டனர். 15 வாரம், வாரம் மூன்று முறை மேற்பார்வையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதய, நுரையீரல் திறனும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தன.

கை பற்றிய கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் வான்கூவரைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி. 1996இல் சிகிச்சை முடித்த 24 பெண்களைத் திரட்டி, டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். கைக்கு இதைவிடக் கடினமான, திரும்பத் திரும்பச் செய்யும் வேலை வேறொன்று அரிது. படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, மருத்துவக் கண்காணிப்பில் வைத்திருந்ததில் எவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லாத சிறு முயற்சி என்பதால் இது முடிந்த முடிவாகாது. ஆயினும், கை உழைத்தால் வீங்கியே தீரும் என்ற உறுதியை உலுக்க இதுவே போதுமானதாக இருந்தது. இன்று பல நாடுகளில் இத்தகைய படகுக் குழுக்கள் இயங்குகின்றன.

தீர்ப்பு 2009இல் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ஷ்மிட்ஸ் நடத்திய ஆய்வில் ஏற்கெனவே நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு வாரம் இருமுறை பளு தூக்கியது. மற்றது வழக்கம்போல இருந்தது. ஓராண்டு முடிவில் வீக்கம் கூடியவர்கள் முதற்குழுவில் 11 சதவீதம், இரண்டாவதில் 12 சதவீதம். வீக்கம் திடீரென மோசமானவர்களோ முதற்குழுவில் 9 பேர், இரண்டாவதில் 19 பேர். மறுஆண்டு வெளியான துணை ஆய்வு இன்னும் வீக்கம் வராத 154 பெண்களைப் பற்றியது. ஐந்தோ அதற்கு மேலோ கணுக்கள் எடுக்கப்பட்டவர்களில், பளு தூக்கியவர்களுக்கு 7 சதவீதமும் தூக்காதவர்களுக்கு 22 சதவீதமும் வீக்கம் வந்தது. 2010இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் செயலற்றிருப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவித்தது. 2019இல் அது அளவையும் வகுத்தது: வாரம் மூன்று முறை 30 நிமிட நடை போன்ற பயிற்சி, வாரம் இருமுறை வலுவூட்டும் பயிற்சி.

மேற்பார்வை ஏன்

ஷ்மிட்ஸின் ஆய்வு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் முறையை விட்டுவிடுவது பெரும்பிழை. அங்கே முதல் 13 வாரங்கள் சிறு குழுக்களாக, பயிற்றுநர் முன்னிலையில் நடந்தன. மிகக் குறைந்த பளுவில் தொடங்கினார்கள். எந்தத் தொந்தரவும் இல்லை என்று உறுதியான பிறகே சிறிது கூட்டினார்கள். வீக்கமுள்ள கையில் அழுத்த உறை அணிந்து பயிற்சி செய்தார்கள்; கையின் நிலையைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதே ஷ்மிட்ஸ் பின்னாளில், உடல் எடை மிகுந்த, நிணநீர் வீக்கமுள்ள 351 பெண்களிடம் இன்னொரு ஆய்வு நடத்தினார். அங்கே பயிற்சி பெரும்பாலும் வீட்டில் நடந்தது. வீக்கத்தில் எந்த மேம்பாடும் தெரியவில்லை. பங்கேற்றவர்களும் ஆய்வமைப்பும் வேறு என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் வேறொரு சான்றும் அதே திசையைக் காட்டுகிறது. லாரியன் பஃபார்ட் குழுவினர் 2017இல் 34 ஆய்வுகளைச் சேர்ந்த 4519 புற்றுநோயாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். உடற்பயிற்சி எல்லோருக்கும் பயன்பட்டது. மேற்பார்வையில் செய்தவர்களுக்குக் கிடைத்த பயன் தெளிவாகக் கூடுதலாக இருந்தது.

இதற்குக் காரணம் ஊக்கம் மட்டும் என்று கொள்ள முடியாது. சில கீமோ மருந்துகளும், ஹெர்செப்டின் போன்ற பிற புற்றுநோய் மருந்துகளும் இதயத்தைத் தாக்கக்கூடியவை. சில ஹார்மோன் சிகிச்சைகள் எலும்பைத் தேய்க்கின்றன, மூட்டுகளில் வலி தருகின்றன. மூட்டுவலி தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் மெலிண்டா இர்வின் 121 பெண்களிடம் நடத்திய ஆய்வில், மேற்பார்வையில் வலுவூட்டும் பயிற்சியும் அதோடு நடையும் மேற்கொண்டவர்களின் மூட்டுவலி ஓராண்டில் ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்தது. எந்த மூட்டுக்கு எவ்வளவு, எப்போது கூட்டலாம், எந்த வலியில் நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ய அறிவுள்ள கண் ஒன்று வேண்டும். மருந்தின் அளவை நோயாளியே நிர்ணயிக்கட்டும் என்று எவரும் சொல்வதில்லை. பயிற்சியும் அளவால் மருந்தாவது என்பதால் அதற்கும் அதே நியாயம் பொருந்தும்.

மறுப்புகளும் விடைகளும்

மேற்பார்வைக்குச் செலவு அதிகம், எல்லோருக்கும் எட்டாது என்பது வலுவான மறுப்பு. பிரிட்டனில் 392 பெண்களிடம் நடத்தி 2021இல் வெளியான ‘பிராஸ்பர்’ ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. தோள் பாதிப்புக்கு வாய்ப்புள்ளவர்களுக்கு அறுவை முடிந்து ஒரு வாரத்திலேயே பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதல் தொடங்கியது. தேவைப்பட்டவை சில சந்திப்புகள் மட்டுமே. மீதியை அவர்கள் வீட்டிலேயே செய்தனர். ஓராண்டுக்குப் பின் கையின் செயல்திறன் மேம்பட்டிருந்தது, மொத்த மருத்துவச் செலவும் குறைந்தது. மேற்பார்வை என்றால் ஆயுள் முழுதும் ஒருவர் பக்கத்தில் நிற்பது என்று பொருளில்லை. தொடக்கத்தில் நெருக்கமாகவும், பிறகு இடைவெளி விட்டும் கவனித்தால் போதும்.

களைத்துப்போனவரைப் பயிற்சி செய்யச் சொல்வது கொடுமை என்பது இரண்டாவது மறுப்பு. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 113 ஆய்வுகளை ஒப்பிட்டது. புற்றுநோய்ச் சோர்வுக்கு மருந்துகளைவிட உடற்பயிற்சியும் உளவியல் துணையும் நன்கு பயன்பட்டதை அது காட்டியது. உயிரைக் காக்குமா என்ற மூன்றாவது கேள்விக்கு நேர்மையான விடை அடக்கமானது. 2987 அமெரிக்கச் செவிலியர்களைப் பின்தொடர்ந்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், நோய்க்குப் பின் நடந்து பழகியவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் நலமாக இருந்ததால்தான் அவர்களால் நடக்க முடிந்தது என்ற ஐயத்தை அது தீர்க்கவில்லை. பெருங்குடல் புற்றுநோயில் மூன்றாண்டு வழிகாட்டுதலுடன் கூடிய பயிற்சி ஆயுளை நீட்டுவதாக 2025இல் ஒரு பெரிய ஆய்வு நிறுவியது. அந்த முடிவை அப்படியே மார்பகப் புற்றுக்குப் பொருத்திவிட முடியாது. வலுவும் வலிக்குறைவும் தன் கையைத் தானே நம்பும் தைரியமும் நிரூபணமான பயன்கள். அவை போதாதவை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் ஏற்கெனவே வீடுகளுக்குச் செல்கிறார்கள். மார்பகப் புற்றிலிருந்து மீண்ட பெண்களின் கையையும் தோளையும் அவர்களது பணியில் சேர்ப்பதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை, புதிய கருவியும் தேவையில்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் ‘கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதோடு நிறுத்தாமல், அந்தக் கையை எப்படி வலுவாக்குவது என்று உடனிருந்து கற்றுக்கொடுப்பது மருத்துவத்தின் கடமை.