கடலைக் கேட்டவர் யார்?

உன்னிச்சைக் குளத்து நீரும் வாவி வழியே கடலைச் சேர்கின்றது. ஆகவே புக்குஷிமாவின் வரலாறு நமக்கு அயலதன்று.

2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் கடற்கோளும் அங்குள்ள அணுவுலைகளின் குளிரூட்டலை முடக்கின, எரிபொருள் உருகிற்று, கதிரியக்க நஞ்சு கடலிற் கலந்தது. பின்னர்ச் சேர்ந்த கழிவுநீர் ஆயிரத்துக்கு மேற்பட்ட தாங்கிகளை நிறைத்தது. சம்பந்தப்பட்டோரின் இணக்கமின்றி அதனை வெளியேற்றோம் என்று 2015இல் டெப்கோ நிறுவனம் மீனவர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. மீனவரின் எதிர்ப்பை மீறி, 2023 ஆகஸ்ட் 24இல் மடை திறந்தது.

சுத்திகரித்த நீரில் டிரிட்டியம் எஞ்சினும் தீங்கு அற்பமே என்றது சர்வதேச அணுசக்தி முகவரகம். அளவைக் கருவி கூறலாம். மக்களின் இணக்கத்தை எக்கருவி கூறும்?

நமக்கு அண்மையிலும், 2012இல் இடிந்தகரை மீனவர் கூடங்குளம் உலையை எதிர்த்துக் கடலில் இறங்கி நின்றனர். மறு ஆண்டே உலை இயங்கிற்று. கடலால் வாழ்வோரைக் கேளாது கடலின் விதியை எழுதுதல் அநீதி என்பதே நமது துணிபு.