தனித்து நின்ற ஒரு வாக்கு



அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தெரிவான முதல் பெண் யார் என்று பொது அறிவுப் பரீட்சையில் கேட்டால், ஜெனட் ரேங்கின் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அவர் அங்கே போய் என்ன செய்தார் என்று நாம் கேட்பதில்லை.

மொன்டானாவில் 1880இல் பிறந்தவர். அங்கே பெண்களுக்கு 1914இல் வாக்குரிமை கிடைக்கப் பாடுபட்டவர். 1916இல் பிரதிநிதிகள் சபைக்கு வென்றார். பெண்களின் வாக்குரிமையை நாடு முழுவதற்கும் உறுதிசெய்த திருத்தம் வந்ததோ 1920இல்தான்!

1917 ஏப்ரல் 2ஆம் திகதி பதவியேற்றார். அன்றிரவே ஜனாதிபதி வில்சன் ஜேர்மனிமீது யுத்தப் பிரகடனம் கேட்டார். நான்காம் நாள் வாக்கெடுப்பு. எதிர்த்தவர்கள் 50 பேர். ஆனால் விரல் அதிகம் நீண்டது இவரை நோக்கித்தான். அடுத்த வருடம் செனட் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

1940இல் மீண்டும் வென்றார். பேர்ள் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய மறுநாள், 1941 டிசம்பர் 8, மறுபடியும் அதே கேள்வி. 388 பேர் 'ஆம்' என்றனர். 'இல்லை' என்றவர் ரேங்கின் மட்டுமே. கூச்சல் தாங்காமல் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் ஒதுங்கியவரை பொலிஸார்தான் அலுவலகத்துக்குக் கூட்டிச்சென்றனர்.

தாக்கப்பட்ட நாடு வேறென்ன செய்வது என்று நம்மில் பலர் கேட்போம். நியாயமான கேள்விதான். பெண்ணான தன்னால் யுத்தத்துக்குப் போக முடியாது, ஆகவே வேறெவரையும் அனுப்பமாட்டேன் என்பது அவருடைய பதில்.

1942இல் அவர் போட்டியிடவில்லை. பிறகு காந்தியின் வழியை அறிய இந்தியாவுக்குப் பலமுறை போய்வந்தார். 1968 ஜனவரியில், 87 வயதில், வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்களோடு வொஷிங்டனில் ஊர்வலம் போனார்.