வால்சந்த் ஹீராசந்தின் வழக்கம்

சோலாப்பூர் திகம்பர ஜைனக் குடும்பத்தில் 1882இல் பிறந்த வால்சந்த் ஹீராசந்த், இரயில்பாதை ஒப்பந்தக்காரராகத் தொழில் தொடங்கியவர். தற்செயலாகச் செவியில் விழுந்த செய்தியையும் ஆறவிடாமல் செயலாக்குவது அவர் வழக்கம். பிற வணிகரிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டியது அதுவே. குவாலியர் மன்னர் சிந்தியாவுக்குரிய 'லாயல்டி' என்னும் கப்பல் விலைக்கு வருவதை அவர் இரயில் பயணமொன்றில் அறிந்தார். கப்பல் தொழிலில் முன்னனுபவம் சிறிதுமில்லை. எனினும் நரோத்தம் மொரார்ஜி முதலிய நண்பர்களைக் கூட்டி அதனை வாங்கினார். அம்மன்னரின் குலப்பெயரே 'சிந்தியா' என நிறுவனத்துக்கும் அமைந்தது. 1919 ஏப்ரல் 5ஆம் நாள் அக்கப்பல் பம்பாயிலிருந்து லண்டன் நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே இன்று நம் நாட்டின் தேசியக் கடல்சார் தினம்.

இலாபமோ எளிதில் வரவில்லை. ஆங்கிலேய நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்து நெருக்கின. 1923இல் செய்துகொண்ட உடன்படிக்கை சிந்தியாவைக் கரையோர வாணிகத்துக்குள் முடக்கியது. விரைந்து இறங்கும் வழக்கத்துக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஆயினும் வழக்கம் மாறவில்லை. 1939இல் அமெரிக்க விமானத் தொழிலார் ஒருவருடன் நேர்ந்த அறிமுகம், மறு ஆண்டே, மைசூர் சமஸ்தானத்தின் பங்குடன், பெங்களூரில் விமானத் தொழிற்சாலையாயிற்று. போர்க்காலத்தில் அரசு அதனைத் தன்வசப்படுத்திக்கொண்டது. விசாகப்பட்டினத்தில் அவர் தொடங்கிய தளத்தில் கட்டப்பட்ட 'ஜல உஷா', 1948இல் நேருவின் கையால் நீரில் இறங்கியது.